வாசிப்பும் பொருளும் – ஓர் ஆசிரியையின் கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

கூடலூர் வட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். என் மூன்றாம் வகுப்பில் 19 குழந்தைகள். சிலர் பணியர் என்ற பழங்குடியினரின் குடியிருப்பிலிருந்து வருகிறார்கள். சிலர் வீட்டில் மலையாளம் பேசுகிறவர்கள். மற்றவர்கள் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள். பணியர் குழந்தைகளில் சிலர் தமிழ்ப் பாடத்தைத் தடையின்றி வாய்விட்டு வாசித்துவிடுகிறார்கள். என்ன வாசித்தாய் என்று கேட்டால் பேசாமல் நிற்கிறார்கள். இதை ஆராய வேண்டும் என்றே பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். நெறியாளர், 200 ஆசிரியர்களிடம் வினாநிரல் கொடுத்து வாங்கி, சதவீதமும், இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனையும் போட்டால் போதும் என்கிறார். ஆய்வு முறையியல் நூல்களில் வரையறைகள் கிடைக்கின்றன. என் கேள்விக்கு எதைக் கற்க வேண்டும் என்பது விளங்கவில்லை. 19 குழந்தைகளை வைத்துச் செய்வது ஆய்வாகுமா?

ஓர் ஆசிரியை, கூடலூர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

ஆய்வுக்குத் தலைப்புத் தேடி அலைகிறவர்களே மிகுதியாக இருக்கும் சூழலில், உங்களிடம் வகுப்பறையிலிருந்தே எழுந்த ஒரு கேள்வி இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள். 200 ஆசிரியர்களிடம் வினாநிரல் கொடுத்தால், இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஆசிரியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது தெரியவரும். கூடலூர்ப் பகுதி ஆசிரியர்களில் எத்தனை பேருக்குக் குழந்தைகளின் வீட்டுமொழி புரியும் என்பதுபோன்ற கேள்விக்கு அதுவே சரியான கருவியும்கூட. ஆனால் ஒரு குழந்தை ஏன் பொருள் சொல்லாமல் நிற்கிறது என்பதற்கு அந்தக் குழந்தையிடம்தான் போக வேண்டும். ஆகவே நீங்கள் முதலில் கற்க வேண்டியது புள்ளியியலை அன்று. உங்கள் சோதனை எதை அளக்கிறது என்று கேட்டுப் பார்க்கும் பழக்கத்தை.

தமிழ் எழுத்தைக் கற்ற குழந்தை, பொருள் தெரியாத சொல்லையும் ஏறத்தாழச் சரியாக ஒலித்துவிடும். 247 எழுத்துகளைப் பழகுவதற்குக் காலம் பிடிக்கிறது என்றாலும், பழகியபின் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பெரும்பாலும் ஒழுங்கானது. வல்லினம் எங்கே அழுந்தும், எங்கே மெலியும் என்பதையும் சொல்லில் அதன் இடமே பெரும்பாலும் காட்டிவிடுகிறது. எனவே வாய்விட்டு வாசிப்பதை மட்டும் வைத்து மதிப்பெண் இட்டால், உங்களைக் கவலைப்படுத்தும் அதே குழந்தைகள் முழு மதிப்பெண் பெறுவார்கள். 1986இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள், வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும் அந்த மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் சேர்ந்து விளைவது, இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வாசிப்பு நிகழாது என்று முன்வைத்தார்கள். பின்னாளில் அதன் எளிமையைப் பலர் குறைகூறியிருக்கிறார்கள். உங்கள் வகுப்புக்கு அது போதுமான தொடக்கம்.

அதை இப்படிச் செய்து பார்க்கலாம். ஏறத்தாழ ஒரே நீளமும் ஒரே கடினமும் உள்ள நான்கு சிறு கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் குழந்தை தானே வாசிக்கட்டும். இரண்டாவதைப் பாடநூல் தமிழில் நீங்கள் வாசிக்கக் குழந்தை கேட்கட்டும். மூன்றாவதை நாம் பேசுகிற தமிழில் சொல்லுங்கள். நான்காவதைப் பணியர் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு தாயோ அக்காவோ அவர்கள் மொழியில் சொல்லட்டும். கேட்டால் புரிந்து, வாசித்தால் புரியவில்லை என்றால், எழுத்துக் கூட்டுவதிலேயே குழந்தையின் கவனம் முழுவதும் செலவாகிறது என்று ஐயுறலாம். பேச்சுத் தமிழில் புரிந்து பாடநூல் தமிழில் புரியவில்லை என்றால், இடைவெளி அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. 'வந்துட்டிருக்கான்' என்பதைப் பிடித்துக்கொள்கிற குழந்தை 'வந்துகொண்டிருக்கிறான்' என்பதில் தடுமாறக்கூடும். வீட்டுமொழியில் மட்டும் புரிந்தால், எழுத்தறிவைக் குறைசொல்ல வழியே இல்லை. அந்தக் குழந்தைக்குத் தமிழே இரண்டாம் மொழி. வீட்டுமொழியிலும் பதில் வராவிட்டால், கேள்வி கேட்கும் விதத்தையும் அதைக் கேட்கும் ஆளையும் ஐயுற வேண்டும்.

எல்லாக் குழந்தைகளுக்கும் அதே கதையை அதே வழியில் கொடுக்காமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள். இல்லையென்றால் எளிய கதையின் பலனை மொழியின் பலனாக எண்ணிவிடுவோம். மலையாள வீட்டுக் குழந்தைகளும் தோட்டத்துத் தமிழ்க் குழந்தைகளும் இதில் பங்குபெற வேண்டும், அவர்களுக்குரிய வீட்டுமொழிக் கதையோடு. தமிழ் வீட்டுக் குழந்தையும் வாசித்துவிட்டுப் பேசாமல் நின்றால், பணியர் குழந்தைகளின் குறை என்று நாம் எண்ணியிருந்தது அந்தப் பாடத்தின் குறையாக முடியலாம். பதிலைத் தமிழில்தான் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். படங்களை வரிசைப்படுத்தியோ, நடித்துக் காட்டியோ, தன் மொழியில் சொல்லியோ குழந்தை பதில் தரட்டும். தமிழில் பேசத் தயங்கும் குழந்தையிடம் தமிழில் பதில் கேட்டால், புரிதலை விடுத்துத் தயக்கத்தையே அளந்திருப்போம்.

சோதனையே முடிவைத் தீர்மானித்துவிடும் என்பதற்குத் தென்னிந்தியாவிலேயே நல்ல சான்று உண்டு. ஆங்கிலம் கற்பித்தலை ஆராய்ந்த என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய பெங்களூர்த் திட்டத்தில், இலக்கண வடிவங்களை வரிசையாகக் கற்பிப்பதற்குப் பதிலாக, கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துக் குழந்தைகள் ஆங்கிலத்தில் தீர்க்க வேண்டிய பணிகள் தரப்பட்டன. அதை மதிப்பிட வந்த பெரெட்டாவும் டேவிஸும் 1985இல் வெளியிட்ட கட்டுரையில், பழைய முறை வகுப்புகள் பழைய முறைச் சோதனையிலும், புதிய முறை வகுப்புகள் புதிய முறைச் சோதனையிலும் மேலாக இருந்ததைக் காணலாம். இதை எதிர்பார்த்தே எந்தப் பக்கமும் சாராத சோதனைகளையும் அவர்கள் வைத்திருந்தார்கள். அவற்றின் முடிவுகள் பெரும்பாலும் திட்டத்துக்குச் சாதகமாகவே வந்தன. எனினும் குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர், முன்பே இருந்த வகுப்புகளே ஒப்பிடப்பட்டன, இருபுறமும் கற்பித்த ஆசிரியர்களும் வேறு. கற்பிக்கும் முறை வென்றதா, ஆசிரியர் வென்றாரா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆய்வு முறையியலைக் கற்க விரும்பும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இந்த விவாதத்தைத்தான்.

இரண்டாவதாக, உங்கள் பாடவேளையைப் பதிவு செய்து எழுத்தில் வடியுங்கள். நாற்பது நிமிடப் பாடத்தை எழுதி முடிக்கப் பல மணி நேரம் ஆகும். அதனால் முதலில் பத்து நிமிடம் போதும். 1975இல் மொழியியலாளர்கள் சின்க்ளேரும் கூல்தார்டும் வகுப்பறைப் பேச்சை ஆராய்ந்து, ஆசிரியர் கேட்பது, மாணவர் பதில் சொல்வது, ஆசிரியர் அதை மதிப்பிடுவது என்ற மூன்றடுக்கு அமைப்பைக் காட்டினார்கள். நம் தொடக்கப்பள்ளிகளில் இதன் நடுப்பகுதியைப் பெரும்பாலும் முழு வகுப்பும் ஒரே குரலில் சொல்கிறது. 'முயல் எங்கே போச்சு?' என்றால் 'காட்டுக்கு!' என்று முழங்கும் கூட்டுக்குரலுக்குள், எந்தக் குழந்தைக்குப் புரிந்தது, எது பக்கத்துக் குழந்தையின் வாயசைவைப் பின்தொடர்ந்தது என்பது அந்த நேரத்தில் உங்கள் காதுக்குத் தெரியாது. பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் தெரியும். பதிவிலுள்ள பதில்களை இப்படி நீங்கள் பகுத்தபின், அதே பதிவை உடன் பணிபுரியும் ஒருவரும் தனியாகப் பகுக்கட்டும். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு இருவரின் உடன்பாட்டைக் கணக்கிடும் வழியை உளவியலாளர் கோஹன் 1960இல் தந்தார். புள்ளியியல் உங்களுக்கு முதலில் தேவைப்படும் இடம் அநேகமாக இதுவாகவே இருக்கும்.

19 குழந்தைகள் போதுமா என்பதற்கு, எதைச் சொல்லப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே பதில். இதே நீலகிரியில் 1930களில் தங்கி ஆராய்ந்த மொழியியலாளர் எமனோ, கோத்தர் என்ற பழங்குடியினரின் மொழிக் கதைகளில் பெரும்பகுதியைச் சுள்ளி என்ற ஒரே கோத்தர் சொல்லக் கேட்டு எழுதினார். ஒரு மொழியின் அமைப்பை விளக்க அது உதவியது. கோத்தர் குழந்தைகளின் கல்வி எப்படி இருக்கிறது என்று சொல்ல அது உதவாது. உங்கள் 19 பேரைக் கொண்டு பணியர் குழந்தைகளில் இத்தனை சதவீதம் என்று எழுத முடியாது. ஒரு சிறு வகுப்பை இரண்டாகப் பிரித்து டி-சோதனை போட்டால், இரண்டு குழந்தைகளின் ஒரு நாள் காய்ச்சல்கூட முடிவை மாற்றிவிடும். ஆனால் இந்தப் புரியாமை எந்தெந்த வழிகளில் நிகழ்கிறது என்பதை ஒவ்வொரு குழந்தையாக, சான்றோடு, இதுவரை யாரும் காட்டாத அளவுக்கு நுட்பமாகக் காட்ட முடியும். அது முழுமையான ஆய்வுதான். நெறியாளருக்கு எண்ணிக்கை தேவையென்றால், இந்த வேலை முடிந்தபின், நீங்கள் கண்ட வழிகளை மற்றப் பள்ளிகளிலும் தேடும் பெரிய ஆய்வை இரண்டாம் கட்டமாக முன்வையுங்கள். அந்த வரிசையை அவர் மறுக்கக் காரணம் இருக்காது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நீங்கள் அவர்களுடைய ஆசிரியை. உங்களிடம் 'மாட்டேன்' என்று சொல்வது எட்டு வயதுக் குழந்தைக்கு எளிதன்று. அந்தத் தாய்மாரிடம் படிவத்தில் கைநாட்டு வாங்குவதும் சம்மதம் ஆகாது. குடியிருப்புக்குச் சென்று, அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, எதைப் பதிவு செய்வீர்கள், யார் கேட்பார்கள், வேண்டாம் என்றால் எப்படி அழிப்பீர்கள் என்பதைச் சொல்லுங்கள். ஒரு பதிவைப் போட்டுக் காட்டுங்கள். கதை சொல்ல வரும் அம்மாவுக்கு அன்றைய கூலி போய்விடும் என்பதால், அதை ஈடுசெய்யும் தொகையையும் ஆய்வுச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் ஒப்புக்கொண்டபின், எழுத்தில் வடித்த முதல் பத்து நிமிடத்தைக் குழந்தைகளின் பெயர்களை மாற்றி எனக்கு அனுப்புங்கள். எந்த இடங்களில் கூட்டுக்குரல் தனிக்குரல்களை மூடுகிறது என்பதை இருவரும் தனித்தனியே குறித்து ஒப்பிட்டுப் பார்ப்போம்.