மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு: ஒரு கிளினிக்கில் 38, இன்னொன்றில் 52. எந்தக் கருவி சரி?

பினாங்கில் நுரையீரல் பரிசோதனை அறையில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். மூச்சுக்குழாய் வீக்கத்தைப் பார்க்க மூச்சில் உள்ள நைட்ரிக் ஆக்சைடை ஊதி அளக்கும் பரிசோதனையில், ஜார்ஜ்டவுனில் 38 பிபிபி (நூறு கோடியில் இத்தனை பங்கு), இரண்டு வாரம் கழித்து புக்கிட் மெர்தாஜாமில் 52 வந்ததாகச் சொல்கிறீர்கள். இரண்டு கருவியும் ஒழுங்காக வேலை செய்திருக்கலாம். ஆனால் கருவி வேறு என்றால் அந்த இரண்டு எண்களையும் ஒன்றோடொன்று கழித்துப் பார்க்கக் கூடாது.

என் அம்மாவுக்கும் இதே அனுபவம்தான். ஆஸ்துமாக்காரர். எங்கள் அறையில் எப்போதும் முப்பதை ஒட்டித்தான் வரும். கோலாலம்பூரில் தம்பி வீட்டுக்குப் போனபோது ஒரு கிளினிக்கில் ஊதினார், 47. "வீக்கம் கூடிவிட்டது, இன்ஹேலரை இரட்டிப்பாக்குங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அறிக்கையில் கருவியின் பெயரே இல்லை. இருமலும் இல்லை, இளைப்பும் இல்லை. அடுத்த வாரம் பழைய கருவியில் ஊத வைத்தேன்: 33. அவருடைய மருத்துவர் மருந்தைக் கூட்டவில்லை. எனக்கு இன்றும் அதை நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது.

பெரிய ஆய்வகக் கருவிகள் நைட்ரிக் ஆக்சைடை ஓசோனோடு சேரவிட்டு, அப்போது எழும் ஒளியை அளக்கும். விலையும் பராமரிப்பும் அதிகம். கிளினிக்குகளில் இருப்பது பெரும்பாலும் நையாக்ஸ் வெரோ, நோபிரெத் போன்ற சிறிய கருவிகள்; அவற்றில் மின்வேதி சென்சார். நையாக்ஸ் வெரோவின் எண்ணே 50 பிபிபிக்குக் கீழே 5 வரையிலும், அதற்கு மேல் 10 சதவீதம் வரையிலும் முன்பின் இருக்கலாம். இது போக, கருவிக்குக் கருவி ஒரு வித்தியாசம் உண்டு. ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்கு மாற்ற எல்லோருக்கும் பொருந்தும் கணக்கு கிடையாது.

அப்புறம், ஊதும் விதம். வினாடிக்கு 50 மில்லிலிட்டர் என்ற வேகத்தில் பெரியவர்கள் பெரும்பாலும் 10 வினாடி போல ஊத வேண்டும். மெதுவாக ஊதினால் எண் ஏறும், வேகமாக ஊதினால் இறங்கும். அதனால் நல்ல கருவிகள் வேகம் தவறினால் ஏற்பதில்லை. கீரை, பீட்ரூட் சாப்பிட்டால் எண் ஏறும். சிகரெட் குறைக்கும். ஸ்பைரோமெட்ரி (பலமாக ஊதி நுரையீரல் திறனை அளக்கும் பரிசோதனை) ஊதிய கையோடு எடுத்தாலும் குறையும். அதனால்தான் நாங்கள் இதை முதலில் எடுக்கிறோம். ஜார்ஜ்டவுனில் எந்த வரிசையில் எடுத்தார்கள், புக்கிட் மெர்தாஜாமுக்கு என்ன பசியாறிவிட்டுப் போனீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நுரையீரல் மருத்துவ அமைப்பான அமெரிக்கன் தொராசிக் சொசைட்டியின் 2011 வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு 25க்குக் கீழ் குறைவு, 50க்கு மேல் அதிகம். 52 அந்தக் கோட்டைத் தாண்டியதுதான் உங்களைப் பயமுறுத்தியிருக்கும். அதே கருவியில் 38 இருந்து 52 ஆகியிருந்தால் நானும் கவலைப்பட்டிருப்பேன்.

இரண்டு கிளினிக்கையும் கூப்பிட்டுக் கருவியின் பெயரைக் கேட்டு அறிக்கையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஜார்ஜ்டவுனில், முதலில் எடுத்த அதே கருவியில், ஒரு மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல் இன்னொரு தடவை ஊதுங்கள். மூன்று தாளையும் மருத்துவரிடம் காட்டும் வரை இன்ஹேலர் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.