பல்செட்டைச் சுத்தம் செய்ய மூலிகைத் திரவம் மட்டும் போதுமா?

உங்கள் கேள்வி எனக்குப் புரிந்தது இப்படித்தான்: அப்பா முழுப் பல்செட் போட்டிருக்கிறார். நுரைத்துக் கரையும் மாத்திரையில் இருக்கும் ரசாயனத்தை நினைத்து உங்களுக்குத் தயக்கம். அதற்குப் பதிலாக வேம்பு, கிராம்பு, டீ ட்ரீ எண்ணெய் மாதிரி தாவரப் பொருள்கள் கலந்த திரவத்தில் ஊற வைத்தால் கிருமி சாகுமா என்று கேட்கிறீர்கள்.

நான் பல்செட் தயாரிக்கும் லேபில் வேலை செய்கிறேன். இந்தத் தாவரப் பொருள்களுக்குக் கிருமியைக் கொல்லும் சக்தி நிச்சயமாக உண்டு. ஆனால் பிரஷ்ஷால் தேய்க்காமல் வெறுமனே ஊற வைத்தால் அந்தச் சக்தியில் பெரும்பகுதி வீணாகிவிடும்.

பழுது பார்க்க வரும் பல்செட்டைக் கையில் எடுத்ததும் நான் முதலில் திருப்பிப் பார்ப்பது அண்ணத்தோடு ஒட்டும் உட்பக்கத்தை. வெளிப்பக்கத்தைப் பளபளவென்று பாலிஷ் செய்துதான் கொடுப்போம். உட்பக்கத்தில் பாலிஷ் போட மாட்டோம், போட்டால் வாயில் சரியாகப் பொருந்தாது. அதனால் அந்தப் பக்கம் எப்போதும் கொஞ்சம் சொரசொரப்பாகவே இருக்கும். சரியாகத் தேய்க்காத பல்செட் என்றால் அங்கே கட்டைவிரல் வழுக்கும். குழாய்த் தண்ணீரில் எவ்வளவு அலசினாலும் அந்த வழுவழுப்பு போகாது. பிளேக்கை, அதாவது ஒட்டிப் படிந்த கிருமிப் படலத்தைக் காட்டும் நிறமியைத் தடவி அலசிப் பார்த்தால், அண்ணத்து மடிப்புகள் பதிந்த இடத்திலும் ஓரங்களிலும் திட்டுத் திட்டாக நிறம் ஒட்டியிருக்கும். பார்வைக்குச் சுத்தமாகத் தெரிந்த பல்செட்டிலும் இதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் படலத்துக்குள் பாக்டீரியாவும் கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சையும் சேர்ந்து குடியிருக்கின்றன. பல்செட்டுக்கு அடியில் அண்ணம் சிவந்துபோவதற்கு முக்கியக் காரணம் இந்தப் பூஞ்சைதான். பெரும்பாலும் வலி இருக்காது. அதனால்தான் பல பேர் கவனிக்காமலே விட்டுவிடுகிறார்கள். அப்பா பல்செட்டைக் கழற்றியதும் டார்ச் அடித்து அண்ணத்தைப் பாருங்கள். பல்செட் மூடும் பரப்பு மட்டும் தனியாகச் சிவந்திருந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி மூலிகைக்கு வருகிறேன். டீ ட்ரீ எண்ணெயில் டெர்பினன்-4-ஆல், ஓம வகைச் செடிகளில் தைமால், கிராம்பில் யூஜினால், லவங்கப்பட்டையில் சின்னமால்டிஹைடு என்று ஒவ்வொன்றிலும் வேலை செய்யும் பொருள் எது என்பது தெரிந்ததே. பொதுவாக இவை பூஞ்சைச் செல்லின் சவ்வைக் குலைத்து உள்ளிருப்பதைக் கசிய வைக்கும். ஆய்வகத்தில் திரவத்தில் தனியாக மிதக்கும் பூஞ்சை இவற்றுக்குச் சீக்கிரம் பலியாகிவிடும். படலமாக ஒட்டி வளர்ந்த அதே பூஞ்சையைக் கொல்லப் பல மடங்கு அடர்த்தி வேண்டும். ஒரு பாட்டிலில் 'பூஞ்சையைக் கொல்லும்' என்று போட்டிருந்தால், மிதக்கும் பூஞ்சையையா, பல்செட் செய்யும் பிளாஸ்டிக்கான அக்ரிலிக்கில் ஒட்டிய படலத்தையா, எதில் சோதித்தார்கள் என்று பாருங்கள்.

நோயாளிகளின் பல்செட்டிலேயே சோதித்துப் பார்த்தவற்றில் எனக்கு நம்பிக்கை தருவது ஆமணக்கு. பிரேசிலில் ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த சோப்பு வகைத் திரவத்தை வைத்து ஆய்வுகள் நடந்திருக்கின்றன. படலம் குறைந்தது உண்மை. ஆனால் பிளீச் திரவத்தில் இருக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்டை நீர்த்துப் பயன்படுத்தியபோது அது அதைவிட நன்றாக வேலை செய்தது. அந்த ஆய்வுகளிலும் பல்செட்டைப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, அதற்கு மேல்தான் திரவத்தில் ஊற வைத்தார்கள்.

வீட்டிலேயே தயாரிப்பதில் எனக்குப் பெரிய கவலை உண்டு. நறுமண எண்ணெய் தண்ணீரில் கரையாது. ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு சொட்டு விட்டால் மேலே மிதக்கும். பல்செட்டை உள்ளே விடும்போது நீர்க்காத எண்ணெய் அப்படியே அதன் மேல் படியும். கிராம்பெண்ணெயில் உள்ள யூஜினால் அக்ரிலிக்கை மென்மையாக்கக்கூடியது, ஈறையும் எரிய வைக்கும். உட்பக்கத்தில் மிருதுவான லைனர் வைத்த பல்செட்டாக இருந்தால் இன்னும் சீக்கிரம் கெடும். மஞ்சள்தூள் கலந்தால் கறை பிடிக்கும். மாதுளைத் தோல், கிரீன் டீ போன்ற துவர்ப்புள்ள கஷாயங்களும் நாளடைவில் நிறத்தை மாற்றும். வேப்பிலைக் கஷாயத்தில் ஒவ்வொரு முறையும் எவ்வளவு சத்து இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. அதை நம்பி ஒரு பெரியவரின் வாயை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே மூலிகைத் திரவம்தான் வேண்டும் என்றால், பல்செட்டுக்கென்றே தயாரித்ததாக, அளவு குறிப்பிட்டதாகப் பார்த்து வாங்குங்கள். தினமும் மிருதுவான பிரஷ்ஷும் சாதாரணத் திரவ சோப்பும் கொண்டு, உட்பக்கத்துக்கே அதிக நேரம் கொடுத்துத் தேய்க்க வேண்டும். பற்பசை வேண்டாம், அதிலுள்ள தேய்ப்புத்தூள் அக்ரிலிக்கில் கீறல் போடும். அந்தக் கீறலுக்குள் பூஞ்சை போய் உட்காரும். தேய்த்த பிறகு திரவத்தில் பாட்டிலில் சொன்ன நேரம் ஊற வைத்து, வாயில் போடும் முன் நன்றாக அலசுங்கள். டீ ட்ரீ எண்ணெய் விழுங்கக்கூடாத பொருள் என்பதால் இந்த அலசலை விடவே கூடாது. கொதிநீர் ஊற்றாதீர்கள், அக்ரிலிக் வளைந்துவிடும்.

மாத்திரையைப் பற்றிய உங்கள் பயத்துக்கும் ஒரு அடிப்படை இருக்கிறது. அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்சல்ஃபேட் என்ற ரசாயனம் சிலருக்கு ஒவ்வாமை தருகிறது என்று 2008இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. ஒவ்வாமை இல்லாதவர், சொன்னபடி கரைத்து, நன்றாக அலசிப் போட்டுக்கொண்டால் பயப்பட ஒன்றுமில்லை. ஹைப்போகுளோரைட் பயன்படுத்துவதாக இருந்தால் 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். உலோகச் சட்டம் உள்ள பல்செட்டுக்கு அது ஆகவே ஆகாது, அரித்துவிடும்.

அப்புறம், அப்பா இரவில் கழற்றி வைக்கிறாரா? ஜப்பானில் 85 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்து, 2015இல் வெளியான ஆய்வில், பல்செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காக இருந்தது. எந்தத் திரவத்தை வாங்குவது என்று யோசிக்கும் முன் இந்தப் பழக்கத்தை மாற்றுங்கள். கழற்றியதைத் தண்ணீரில் போட்டு வையுங்கள்.

இரண்டு வாரம் இப்படிச் செய்தும் அண்ணத்தில் சிவப்பு குறையவில்லை என்றால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பூஞ்சை மருந்து தேவைப்படலாம், பல்செட் பொருத்தம் தளர்ந்தும் போயிருக்கலாம். போகும்போது பல்செட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். வாய்க்கு மட்டும் வைத்தியம் பார்த்துவிட்டுப் பழைய படலத்தோடு அதையே மறுபடி மாட்டினால் பூஞ்சை திரும்ப வந்துவிடும்.