நாலாம் போர்டு

அன்புள்ள சார்,

நான் கொருக்குப்பேட்டை. வயது 27. எங்கள் ஏரியா செஸ் கிளப்புக்காக லீக்கில் நாலாம் போர்டு, அதாவது நாலு பேர் அணியில் நாலாவது ஆளாக ஆடுகிறேன். போன ஞாயிறு எனக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஆட்டம் என் பக்கம். எதிராளி டிரா கேட்டார். கேப்டனிடம் போய் வாங்கலாமா என்று கேட்டேன். என் போர்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் "வாங்கிக்கோ" என்றார். வாங்கினேன். டிராவுக்கு ஆளுக்கு அரைப் புள்ளி, 2.5–1.5 என்று ஜெயித்தோம். எல்லாரும் சிரித்துக்கொண்டு டீ குடித்தார்கள், எனக்கு மட்டும் இறங்கவில்லை. கேப்டனுக்கு ரேட்டிங்கே (ஆட்டத் தரத்துக்கான எண்) கிடையாது. குகேஷாக இருந்தால் அந்த டிராவை வாங்கியிருப்பாரா? கிளப்பை விட்டுவிட்டுத் தனியாக ஓப்பன் டோர்னமென்ட் மட்டும் ஆடலாமா? இங்கே ஆளும் இல்லை. ரிசர்வில் இருப்பது எட்டாவது படிக்கும் பையன், காயை நகர்த்திவிட்டு கிளாக்கை அமுக்க மறந்துவிடுவான். கறுப்புக்கு ஒரு நல்ல ஓப்பனிங்கும் சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

ஓப்பனிங்கை என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்ததை எல்லாம் இன்றைக்குப் பத்து வயதுப் பிள்ளைகள் இட்லி சாப்பிட்டுக்கொண்டே உடைத்துவிடுவார்கள்.

ரேட்டிங் இல்லாத கேப்டன் என்று எழுதியதற்கு ஒரு குட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேருக்கும் போன் போட்டு எழுப்பியது யார்? என்ட்ரி ஃபீஸில் குறைந்த பணத்தைக் கையிலிருந்து போட்டது யார்? நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். எல்லா கிளப்பிலும் அது ஒரே ஆள்தான்.

குகேஷை இழுத்தீர்கள், அதனால் சொல்கிறேன். 2022 மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடில் முதல் எட்டு ஆட்டத்தையும் வென்றவர் அவர். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானோடு நல்ல நிலையிலிருந்து நழுவித் தோற்றார். பக்கத்தில் பிரக்ஞானந்தா ஜெயித்திருந்தார், மற்ற இரண்டும் டிரா. 2–2. குகேஷிடமிருந்து ஒரு அரைப் புள்ளி வந்திருந்தால் அந்த மேட்ச் நம்முடையது. கடைசியில் உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம், நம் பையன்களுக்கு வெண்கலம். பதினாறு வயதில் முதல் போர்டில் உட்கார்ந்தவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இந்தக் கேள்விக்கு அவரை சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். "என் போர்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்" என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் என்னை உட்காரவைத்த வரி அது. ஏனென்றால் அவர் போர்டைப் பார்த்துச் சொல்லக் கூடாது தம்பி! குழு ஆட்டத்தில் கேப்டனுக்கு விதி கொடுத்திருக்கும் இடம் ரொம்பச் சின்னது. டிரா வாங்கலாமா என்று கேட்டால் வாங்கு என்று சொல்லலாம், வேண்டாம் என்று சொல்லலாம், உன் இஷ்டம் என்று சொல்லலாம். அவ்வளவுதான். அதையும் மேட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் சொல்லவேண்டும். உன் யானை எங்கே நிற்கிறது, உன் சிப்பாய் எத்தனாவது கட்டத்தில் இருக்கிறது என்பதை வைத்து ஒரு வார்த்தை சொன்னாலும் அது உதவி, அதாவது கள்ள ஆட்டம். உங்களுக்குப் புறக்கணிப்பாகத் தெரிந்தது அவருடைய ஒழுக்கம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

1988. ஆனந்த் கிராண்ட்மாஸ்டர் ஆன வருஷம். மெட்ராஸில் செஸ் ஆடுகிற பையன் எல்லாம் அவரைப் போல வேகமாக ஆடினோம், வேகம் மட்டும்தான் வந்தது. எங்கள் கிளப் பெரம்பூரில் ஒரு படிப்பகத்தின் பின்னறை. ஒரே அறையில்தான் கேரமும். கேரம் போர்டு தூள் பறந்துவந்து படிந்து எங்கள் கறுப்புக் காய்கள் எப்போதும் சாம்பல் பூசிய மாதிரி இருக்கும். கேப்டன் அண்ணன் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில், அதாவது ரயில் பெட்டிப் பட்டறையில், ஃபிட்டர். அவர் ஆட்டம் சுமார்தான், இருபது நகர்த்தலுக்கு மேல் தாங்காது. நாலு செட்டையும் ரெக்ஸின் பையில் போட்டு சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வருவார்.

புதுவண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் மேட்ச். ஜெயித்தால் மேல் டிவிஷன். 2–1 என்று முன்னால் இருக்கிறோம், பாக்கி என் ஆட்டம் மட்டும். நானும் நாலாம் போர்டுதான். ஆளுக்கொரு யானை, எனக்கு ஒரு சிப்பாய் கூடுதல். எதிராளி டிரா கேட்டார். நான் அண்ணனைப் பார்த்தேன். அரைப் புள்ளி போதும், மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவுக்குக்கூட அது தெரியும். அண்ணன் உதட்டை ஒரு தடவை நக்கிக்கொண்டு, "உன் இஷ்டம்பா" என்றார்.

ஆடினேன். என் யானை அவர் ராஜாவையும் அவர் யானை என் ராஜாவையும் துரத்தின. அந்தக் காலத்துச் சாவி கடிகாரத்தில் கடைசி நிமிஷங்களில் முள் ஒரு சின்னச் சிவப்புக் கொடியைத் தூக்கும். அது மெல்ல மெல்ல ஏறுவது பார்க்கிற எல்லாருக்கும் தெரியும், ஆடுகிறவனுக்கு மட்டும் தெரியாது. என் கை யானையின் மேல் இருக்கும்போதே கொடி விழுந்தது. 2–2. மேல் டிவிஷன் போயிற்று.

அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. காய்களை செட்டுக்கு முப்பத்திரண்டாக எண்ணிப் பையில் போட்டார். என்னைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு மிதித்தார். உங்கள் கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது, அது என்றைக்குத் திறந்திருந்தது? கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. அண்ணன் தலையைச் சாய்த்துச் சக்கரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "இப்ப போச்சு பாரு, அந்த வேகன்ல பேரிங் போயிருக்கு" என்றார். எனக்குத் தாங்கவில்லை. வாங்கிக்கோ என்று ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். தோற்ற நான்தான் கத்தினேன் என்பதைக் கவனியுங்கள்.

"நீ கேக்கறதுக்கு முன்னாடியே உன் போர்ட பார்த்துட்டேன்பா" என்றார். "சிப்பாய் கூட இருக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. உனக்கு டைம் இல்லன்னும் தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் நான் எதைச் சொன்னாலும் அது போர்ட பார்த்து சொன்னதுதானே?"

ரொம்ப நாள் இதைப் பைத்தியக்காரத்தனம் என்றே நினைத்தேன். யார் கேட்கப்போகிறார்கள், எந்த நடுவர் அவர் கண் போன இடத்தை எழுதிவைத்தார்? வாங்கிக்கோ என்று சொல்லியிருந்தால் மேல் டிவிஷன். இப்போதும் பாதி நாள் அப்படித்தான் நினைக்கிறேன். உங்கள் கடிதம் வந்த அன்று மட்டும் மறுபாதி.

அப்புறம் இன்னொன்று. உங்களை யாரும் கேப்டனிடம் போகச் சொல்லவில்லை, நீங்களாக எழுந்து போனீர்கள். ஜெயிக்கிற ஆட்டம் என்று அவ்வளவு நிச்சயம் இருந்தவர் கேட்டிருக்க மாட்டார். "வேண்டாம், ஆடு" என்று அவர் சொல்லி, நீங்கள் தோற்றிருந்தால், இதே கடிதம் எனக்கு வேறு மாதிரி வந்திருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள், 1988-ல் நான் செய்ததும் இதேதான்.

கிளப்பை விடுவதா என்று கேட்டிருந்தீர்கள். ஓப்பனும் ஆடுங்கள், யார் தடுத்தது? விடுவதானால் லீக் முடிந்த பிறகு விடுங்கள். நடுவில் போனால் நாலாம் போர்டில் அந்த எட்டாவது பையன் உட்காரவேண்டும். அதற்கு முன்னால் ஒரு மாலை அவனுக்கு எதிரே உட்கார்ந்து, காயை நகர்த்திய அதே கையால் கிளாக்கை அமுக்கப் பழக்கிவிடுங்கள்.