மகள் அரசுப் பள்ளியில் பணப்பாடம் எடுக்கக் கேட்கிறாள், அனுப்பலாமா?

பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிற மகள், வாரம் ஒருநாள் அரசுப் பள்ளிக்குப் போய் வட்டி, வங்கி, சேமிப்பு சொல்லித் தர விரும்புகிறாள். அரியர் விழுமோ என்பது பெற்றோரின் பயம். நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு வகுப்பு, ஒவ்வொன்றும் 40 நிமிடம். ஒவ்வொரு வகுப்புக்கும் தயாரிப்புக்கு இரண்டு மணி நேரம், போய்வர ஒரு மணி நேரம். எல்லாம் சேர்த்து 30 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அவளுடைய இன்டர்னல் தேர்வு வாரங்களை மட்டும் தவிர்த்துவிட்டால் படிப்புக்குக் கேடில்லை.

வேலைக்கு உதவுமா? வங்கி கிளார்க் தேர்வுக்கும் டிஎன்பிஎஸ்சி குரூப் 4க்கும் நேர்காணலே கிடையாது. அங்கே இதற்கு ஒரு மதிப்பெண்கூட வராது. வங்கி அதிகாரி பணி, கேம்பஸ் தேர்வு, எம்பிஏ சேர்க்கை போன்று எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கும் இடங்களில் உதவும். அதுவும் என்ன செய்தாள் என்பதை விவரமாகச் சொல்லத் தெரிந்தால்தான். என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) மாணவி என்றால், ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவையில் இதைச் சேர்க்க முடியுமா என்று திட்ட அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும்.

இனி வருவது மகளுக்கு.

தலைமையாசிரியர் வாய்வார்த்தையாக "வாம்மா" என்றால் போதாது. கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட கடிதத்தில் யார் யார் வருகிறார்கள், எந்தத் தேதி, என்ன பாடம் என்று எழுதி, முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். 10, 12ஆம் வகுப்புகளைக் கேட்காதீர்கள், பொதுத்தேர்வு நெருக்கடியில் உங்கள் பாடவேளைதான் முதலில் பறிபோகும். 8 அல்லது 9ஆம் வகுப்பு சரி. ஜூலையில் தொடங்கினால் செப்டம்பர் காலாண்டுத் தேர்வுக்கு முன் முடித்துவிடலாம். இருவராகப் போங்கள்: ஒருவர் கரும்பலகையில், இன்னொருவர் பிள்ளைகளுக்கிடையே. மூன்றாவதாக ஒரு தோழியும் தயாராக இருக்கட்டும். பாதியில் நின்றுபோகிற வகுப்புகள் பெரும்பாலும் மாற்றாள் இல்லாமல்தான் நிற்கின்றன.

பாடத்தைச் சேமிப்பில் தொடங்குவது பலர் செய்கிற தவறு. அன்றாடம் அரிசி வாங்குகிற வீட்டுப் பிள்ளையிடம் உண்டியலைக் காட்டினால் அது அவமானமாகத்தான் படும். அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தது கடன். அங்கிருந்து தொடங்குங்கள்.

"நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி, 20,000 கடன். ஒரு வருஷத்துக்கு வட்டி எவ்வளவு?" என்று கேளுங்கள். 600 என்று பலர் எழுதக்கூடும். அது ஒரு மாத வட்டி, வருஷத்துக்கு 7,200. மூன்று ரூபாய் என்பது கேட்கச் சின்னதாக இருப்பதற்குக் காரணமே அது மாதக் கணக்கு என்பதுதான். ஆண்டுக்கு 36 சதவீதம். அதே 20,000 நகைக்கடனாக ஆண்டுக்கு 10 சதவீதத்தில் கிடைத்தால் வட்டி 2,000. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள். பேச்சு அவர்களிடமிருந்து வரும்.

அடுத்தது தண்டல். 10,000 கடன் என்று சொல்லி 1,500 பிடித்துக்கொண்டு கையில் 8,500 தருவார்கள். தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். வட்டி 15 சதவீதம்தானே என்பார்கள் பிள்ளைகள். "அந்த 8,500 ரூபாயும் 100 நாளும் உங்க கையிலயே இருந்துச்சா?" என்று கேளுங்கள். நாளுக்கு நாள் அசல் குறைந்துகொண்டே போவதால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 120 சதவீதத்தை ஒட்டி வரும். அந்தச் சூத்திரம் 9ஆம் வகுப்புக்கு வேண்டாம், கேள்வி போதும். இதற்கு இரண்டு வகுப்பு ஒதுக்குங்கள். மற்றவற்றைச் சுருக்கினாலும் பரவாயில்லை.

வங்கிப் பாடத்துக்கு புரொஜெக்டரை நம்பாதீர்கள். பக்கத்துக் கிளையில் கேட்டு, பணம் கட்டும் சலானும் எடுக்கும் சீட்டும் தலைக்கு ஒன்று வாங்கி வந்து பிள்ளைகளையே நிரப்பச் சொல்லுங்கள். எண்ணால் எழுதிய தொகையும் எழுத்தால் எழுதியதும் ஒத்துப்போகாது, கையெழுத்து மாறும். கவுன்டரில் திருப்பி அனுப்பப்படுவதும் இதனால்தான். 10 வயது நிரம்பிய பிள்ளைகள் தாங்களே கணக்கு தொடங்கி நடத்த வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் அறிவுறுத்தியிருக்கிறது. 18 வயதானதும் புதிய மாதிரிக் கையெழுத்தும், கணக்கை இனி எப்படி இயக்குவது என்ற விவரமும் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அரசு உதவித்தொகைகள் ஆதாரோடு இணைந்த கணக்குக்கே வருகின்றன. நாலைந்து கணக்கு வைத்திருப்பவர், கடைசியாக எதை இணைத்தார் என்று தெரியாமல் பணம் வரவில்லை என்று அலைவார்.

மோசடிப் பாடத்தை நாடகமாக நடத்துங்கள். ஒருவர் "பரிசு விழுந்திருக்கு, பின் நம்பர் போடுங்க" என்று சொல்ல, மற்றவர் மறுக்க வேண்டும். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும். கமிஷனுக்கு ஆசைப்பட்டு வங்கிக் கணக்கை இன்னொருவருக்குக் கொடுத்தால் வழக்கு கணக்கு வைத்திருப்பவர் மேலும் வரும். வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள்.

"உங்க வீட்ல எவ்வளவு கடன்?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். மாதம் 15,000 வருமானத்தில் ஒரு கற்பனைக் குடும்பத்தை உருவாக்கி, வாடகை, மளிகை, சீட்டு, மருந்து எல்லாம் அதற்கே போடச் சொல்லுங்கள். எந்தச் செயலியையும், பங்கையும், பாலிசியையும் பரிந்துரைக்கக் கூடாது. ஆதார் நகல், கைபேசி எண், காசு எதையும் வாங்கக் கூடாது. அனுமதியில்லாமல் பிள்ளைகளைப் படம் எடுக்கவும் வேண்டாம்.

முதல் வகுப்பில் ஆறு கேள்விகளைப் பெயர் எழுதாத தாளில் கேட்டு வாங்குங்கள். கடைசி நாள் வகுப்பில் அதே ஆறையும் மறுபடி. மாத வட்டிக் கேள்வியைச் சரியாகப் போட்டவர்கள் முதலில் எத்தனை பேர், கடைசியில் எத்தனை பேர் என்ற அந்த இரண்டு எண்ணும்தான் உங்கள் பயோடேட்டாவில் போக வேண்டும், வகுப்பு, மாதம், மாணவர் எண்ணிக்கையோடு. எண் உயரவில்லையென்றாலும் அப்படியே எழுதுங்கள். ஏன் உயரவில்லை என்று நேர்காணலில் விளக்க முடிகிறவரை யாரும் குறைத்து எண்ணமாட்டார்கள்.

ஒரு பிள்ளை தனியே வந்து, வட்டிக்காரர் வீட்டில் வந்து சத்தம் போடுகிறார் என்று சொல்லலாம். அதற்குத் தயாராக இருங்கள். நீங்கள் பஞ்சாயத்துப் பேசப் போகாதீர்கள், பணமும் கொடுக்காதீர்கள். பிள்ளையிடம் சொல்லிவிட்டு, அன்றைக்கே வகுப்பாசிரியரிடம் தெரிவியுங்கள். கந்துவட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது, குழந்தைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. அடுத்த வாரம் அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று பார்க்கவாவது தவறாமல் போங்கள்.