தோட்டக் கேள்வி–பதில்: பாத்திக்கு ஓரம் கட்டுவது எப்படி?

கேள்வி: வாசலிலிருந்து திண்ணை வரை 30 அடி நீளத்தில் பாதை போட்டிருக்கிறோம். இருபுறமும் எருமைப்புல், அதற்கு அப்பால் செம்பருத்தியும் குரோட்டன்ஸும் நட்ட பாத்திகள். புல் பாத்திக்குள் ஏறுகிறது. மழை பெய்தால் பாத்தியின் செம்மண் பாதையில் வந்து படிகிறது. கொத்தனார் சிமெண்டில் ஒரே தொடராகக் கட்டிவிடலாம் என்கிறார். கொழுந்தனார் பிளாஸ்டிக் பட்டை போதும் என்கிறார். எது சரி? (தக்கலை வாசகி)

பதில்: நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) துலாமழையும் (வடகிழக்குப் பருவமழை) ஆண்டுக்கு இருமுறை வந்து தோட்டத்தைச் சோதித்துப் பார்ப்பதால், ஓரக்கட்டு மண்ணை நிறுத்த வேண்டும், தண்ணீரை நிறுத்தக் கூடாது என்பதை முதலில் மனதில் கொள்ளுங்கள். இதை நான் கற்றது என் வீட்டில்தான். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று புல்தரையைச் சுற்றி இடைவெளியே விடாமல் சிமெண்டில் கட்டச் செய்தேன். அந்த ஐப்பசியில் மூன்று நாட்கள் தண்ணீர் தேங்கிப் புல் மஞ்சளானது. பிறகு உளியை எடுத்துக்கொண்டு, நான்கடிக்கு ஒன்றாக நானே வழி வெட்டினேன். உங்கள் கொத்தனார் சிமெண்டில்தான் கட்டுவேன் என்றால், அந்த இடைவெளிகளைக் கட்டும்போதே விடச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பட்டை வளைவான சிறு பாத்திகளுக்குப் பயன்படும். ஆனால் வெயிலில் நொறுங்கத் தொடங்குவதோடு, ஈர மண் இளகும்போது மெல்ல மேலெழும்பியும் விடும் என்பதால் நேரான நீண்ட ஓரங்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

அடுத்து, புல்லின் குணம். எருமைப்புல் தரைக்கு மேலே கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடுவது; ஓரத்தைத் தாண்டும் கொடி கண்ணுக்குத் தெரியும், கத்தரிக்கவும் எளிது. இடையில் அருகம்புல் கலந்திருந்தால் கதை வேறு. அது மண்ணுக்கடியில் ஓடும் தண்டாலும் பரவுவதால், அரை அடியாவது உள்ளே இறங்கும் ஓரம் வேண்டும்.

ஆகவே உங்கள் வீட்டுக்கு இரண்டு வகை ஓரம் போடுவதே சரியென்று தோன்றுகிறது. பாதைக்கும் புல்லுக்கும் இடையே செங்கல்லை நீளவாக்கில் படுக்கையாக, புல்தரையின் மட்டத்துக்கே பதியுங்கள். புல்வெட்டியின் சக்கரம் அதன் மேல் உருளும், ஓரத்தில் தனியாகக் கத்தரிக்க வேண்டியிராது. புல்லுக்கும் பாத்திக்கும் இடையே செங்கல்லை நெட்டுக்குத்தாக, 6 அங்குலம் மண்ணுக்குள்ளும் 3 அங்குலம் வெளியேயும் இருக்குமாறு, அகலப் பக்கம் புல்லைப் பார்க்க, நெருக்கி நிறுத்துங்கள். 9 அங்குல நீளமும் 4½ அங்குல அகலமும் உள்ள கல்லென்றால் இரு புறமும் சேர்த்துப் பாதை ஓரத்துக்கு 80, பாத்தி ஓரத்துக்கு 160. உடைசலையும் சேர்த்து 260 வாங்கினால் போதும். சாந்து வேண்டாம், இடுக்குகளின் வழியே நீர் வடியட்டும். பள்ளத்தின் அடியில் 2 அங்குலம் பாறைப்பொடி பரப்பி இடித்துவிட்டு, கயிறு பிடித்துக் கல்லை நிறுத்தினால் வரிசை கோணாது.

கல்லை வாங்கும்போது இரண்டைக் கையிலெடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நன்றாக வெந்தது. மொத்தென்று கேட்டால் வேகாத கல், அது இரண்டு மழைக்காலம் தாங்குவதே அரிது. ஒரு நாள் முழுதும் நீரில் ஊறிய கல், தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் நீரை ஏற்றிருக்கக் கூடாது. செங்கல்லுக்குப் பதில் வெட்டுக்கல்லும் வைக்கலாம். வெட்டியெடுக்கும்போது மென்மையாக இருந்து காற்றுப் படப்பட இறுகும் கல் அது, செம்மண் தோட்டத்தோடு நிறமும் ஒத்துப்போகும். நிழலில் பாசி பிடித்து வழுக்கும் என்பதால் கால் படும் பாதை ஓரத்தில் மட்டும் அதைத் தவிருங்கள்.

இவ்வளவும் செய்த பின்பும் பாத்தி மண் ஓரக்கல்லின் தலைக்கு மேல் குவிந்திருந்தால் அது பாதைக்கு வரத்தான் செய்யும். கல்லின் தலையிலிருந்து இரண்டு விரல் தாழ மண்ணை வாரி விடுங்கள்.

கேள்வி: கடலுக்கு அருகே மணல் தரையில் வீடு. பாத்திக்கு இரும்புத் தகடு பதித்தோம். இரண்டே ஆண்டில் அரித்துப் பொத்தலாகிவிட்டது. கதம்பை (தேங்காயின் நார் மட்டை) வைத்தால் போதும் என்கிறார் பாட்டி. வைக்கலாமா? (குளச்சல் வாசகர்)

பதில்: பாட்டி சொல்வதைக் கேளுங்கள். உப்புக்காற்றில் இரும்பு நிலைக்காது. துத்தநாகம் பூசிய தகடும் அரிப்பைச் சில காலம் தள்ளிப்போடுமே தவிரத் தடுக்காது. கதம்பையைச் சில நாட்கள் நீரில் ஊறவைத்து, இறங்கும் கருஞ்சாற்றைக் கொட்டிவிட்டு, வளைந்த முதுகு வெளிப்புறம் பார்க்குமாறு பாதியளவு புதைத்து வரிசையாக நிறுத்துங்கள். மழைநீரைக் குடித்து வைத்துக்கொண்டு பக்கத்து வேருக்கு மெல்லக் கொடுக்கும். மணல் தரைக்கு அது பெரிய உதவி. காலப்போக்கில் மக்கிவிடும், அப்போது அதைப் பாத்திக்குள்ளேயே தள்ளிவிட்டுப் புதியதை வைக்கலாம். கறையான் வரும் என்பதால் வீட்டுச் சுவரிலிருந்து சற்று விலக்கியே வையுங்கள்.

நிரந்தரமாகவே வேண்டுமென்றால் கருங்கல் துண்டுகள்தான். பத்மநாபபுரம் கோட்டை மதிலைப் பார்த்தவர்களுக்குக் கருங்கல்லின் உழைப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மணலில் எந்தக் கல்லும் சாயும். ஆகவே அகன்ற பக்கத்தைக் கீழே வைத்து, மூன்றில் இரண்டு பங்கைப் புதையுங்கள்.

கேள்வி: கல்லே வேண்டாம், செடியையே ஓரமாக வைக்க எண்ணுகிறேன். எதை நடலாம்? (ஆரல்வாய்மொழி வாசகி)

பதில்: உங்கள் ஊர்க் காற்றுக்கு எலுமிச்சைப்புல் ஏற்றது, தூர் கட்டி மண்ணைப் பிடித்துக்கொள்ளும், சாய்ந்தாலும் ஒடியாது. குட்டையான தெச்சியும் (வெட்சி) நல்ல வெயிலில் சிறப்பாக வரும். மஞ்சள் இலைத் துரந்தாவைப் பலரும் நடுகிறார்கள். அதை அடிக்கடி கத்தரிக்க வேண்டும், அதன் காய் நஞ்சு என்பதால் சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். எதை நட்டாலும் ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி நடுங்கள். இல்லையென்றால் ஆறு மாதத்தில் அது பாதையின் மேல் சாய்ந்துவிடும்.