டொராண்டோவில் சொந்தக்காரர் இருக்கிறார்; மகளை ஹாலிஃபாக்ஸ் அனுப்பலாமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கனடாவில் ஹாலிஃபாக்ஸ், வின்னிபெக் இரண்டு ஊர்களிலும் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. செப்டம்பரில் சேரும்போது அவளுக்கு 18 வயது முடிந்திருக்கும். என் அண்ணன் மகன் டொராண்டோவில் வேலை பார்க்கிறான். "எங்கே சேர்ந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் சித்தப்பா" என்கிறான். அங்கே மருத்துவம் இலவசம், காப்பீடே தேவையில்லை என்று ஒருவர் சொன்னார். ராஜாவும் உண்டு, பிரதமரும் உண்டு என்கிறார்கள். ஒரு பிரச்சினை என்றால் யாரிடம் போவது? இந்தியாவோடு தகராறு வேறு. எந்த ஊரைத் தேர்ந்தெடுக்கலாம்? (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உங்கள் அண்ணன் மகனின் மனசு பெரிது. ஆனால் கனடா அதைவிடப் பெரிது. டொராண்டோவிலிருந்து ஹாலிஃபாக்ஸுக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்குக் காரில் போவதைவிட அதிகம். ரயிலில் என்றால் முதலில் மான்ட்ரியலுக்கு ஐந்து மணி நேரம் போய், அங்கே வண்டி மாறி இன்னொரு முழு நாள் பயணம். அந்த வண்டியும் தினமும் கிடையாது. வின்னிபெக் இன்னும் தூரம்: சுமார் 2,200 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி ஒன்டாரியோ மாகாணத்துக்குள்ளேயே ஓடும். ஏரி, பாறை, காடு, மறுபடி ஏரி. விமானம்தான் ஒரே வழி. இரண்டு ஊருக்கும் இரண்டு இரண்டரை மணி நேரம். ஆக, அவர் பார்த்துக்கொள்வது என்றால் பெரும்பாலும் போனில்தான். காய்ச்சல் வந்தால் ரசம் வைத்துக்கொண்டு வந்து நிற்க முடியாது.

கனடாவுக்கு இந்தியாவைப் போல மூன்று மடங்கு நிலம், ஏறத்தாழ 99.8 லட்சம் சதுர கிலோமீட்டர். ரஷ்யாவுக்கு அடுத்து உலகில் இரண்டாவது. மக்களோ 4 கோடி சொச்சம், தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்றுக் கூட. அவர்களிலும் பெரும்பாலோர் அமெரிக்க எல்லையை ஒட்டிய ஒரு நீளமான பட்டையில் வசிக்கிறார்கள். வரைபடத்தில் வடக்கே தெரியும் அந்தப் பிரமாண்டம் அநேகமாகக் காலி. கிழக்கு முனையில் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் நகரத்திலிருந்து வான்கூவரைவிட லண்டன் பக்கம். 1986 ஆகஸ்டில் இலங்கைத் தமிழர் 155 பேர் உயிர்காக்கும் படகுகளில் தத்தளித்தபோது அவர்களை மீட்டவர்கள் அந்தக் கிழக்கு முனை, நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள்தான். இன்று தமிழ்க் கடைகளும் கோவில்களும் நிறைந்திருக்கும் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியோ அங்கிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேலே. 'கனடாவில் நம்ம ஆட்கள் நிறைய' என்று கேள்விப்படுவது உண்மைதான், ஆனால் அது பெரும்பாலும் டொராண்டோவையும் அதன் சுற்றுப்புறத்தையும் பற்றிய செய்தி.

நாட்டில் ஆறு நேர மண்டலங்கள். செப்டம்பரில் ஹாலிஃபாக்ஸ் நம்மைவிட எட்டரை மணி நேரம் பின்தங்கியிருக்கும், வின்னிபெக் பத்தரை. நவம்பரில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அப்போது இன்னும் ஒரு மணி கூடும். மகள் ஹாலிஃபாக்ஸில் இரவு ஒன்பதுக்குப் பேசினால் உங்களுக்குக் காலை ஐந்தரை. வின்னிபெக் என்றால் ஏழரை, காபி முடிந்திருக்கும்.

சரி, ஆட்சிக்கு வருவோம். உங்கள் மற்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இதில்தான் இருக்கிறது.

ராஜா இருக்கிறார்: பிரிட்டனின் மூன்றாம் சார்லஸ்தான் கனடாவுக்கும் மன்னர். அவர் சார்பில் தலைநகர் ஒட்டாவாவில் கவர்னர் ஜெனரல். 2025 மே மாதம் மன்னரே நேரில் வந்து நாடாளுமன்றத்தைத் தொடங்கி உரை வாசித்தார். வாசித்தது முழுக்கப் பிரதமர் மார்க் கார்னியின் அரசு எழுதிக்கொடுத்தது. நம் ஊர் ஆளுநர் உரையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 343 உறுப்பினர்கள் கொண்ட மக்களவையில் பெரும்பான்மை ஆதரவு யாருக்கோ அவர்தான் ஆள்கிறார். மேலவையான செனட்டுக்குத் தேர்தலே கிடையாது, 105 பேரும் நியமன உறுப்பினர்கள்.

உங்கள் மகளின் அன்றாடத்தில் ராஜாவும் வரமாட்டார், ஒட்டாவாவும் அதிகம் வராது. அங்கே 10 மாகாணங்கள், 3 ஆட்சிப்பகுதிகள். 1867-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் அதிகாரத்தைப் பிரித்தபோது கல்வி, மருத்துவமனை, சொத்து உரிமை எல்லாம் மாகாணங்களின் கைக்குப் போயின. ராணுவம், நாணயம், குற்றவியல் சட்டம் போன்றவை மத்திய அரசிடம். குடியேற்றம் இரண்டுக்கும் பொது. ஆனால் விசா முத்திரை ஒட்டாவாவுடையது. இங்கே 1976-ல் 42-வது திருத்தத்தால் கல்வி பொதுப்பட்டியலுக்குப் போனதைப் பற்றி இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம். கனடாவில் மத்தியக் கல்வி அமைச்சகம் என்று ஒன்று இல்லவே இல்லை. அதனால் 'கனடாவில் எப்படி?' என்று யாரிடம் விசாரித்தாலும் அவர்கள் சொல்வது தங்கள் மாகாணத்துக் கதை. டொராண்டோக்காரர் சொன்னால் அது ஒன்டாரியோ விதி. ஹாலிஃபாக்ஸ் இருப்பது நோவா ஸ்கோஷியாவில், வின்னிபெக் மானிட்டோபாவில்.

இதில் உங்களை நேராகத் தொடும் விஷயம் வயது. மானிட்டோபாவில் 18 முடிந்தால் மேஜர். நோவா ஸ்கோஷியாவில் 19. ஒரே பெண், ஒரே செப்டம்பர். வின்னிபெக்கில் இறங்கினால் மேஜர், ஹாலிஃபாக்ஸில் இறங்கினால் மைனர். பெற்றோர் உடன் வராத மைனருக்கு 'கஸ்டோடியன்', அதாவது அங்கே பொறுப்பேற்கும் பெரியவர் ஒருவர் வேண்டும் என்று விசா அதிகாரி கேட்கக்கூடும். 17 வயதுக்குக் கீழே அது கட்டாயம். 17 முதல் அந்த மாகாணத்தின் மேஜர் வயது வரை அதிகாரியின் முடிவு. கஸ்டோடியனாக இருப்பவர் கனடா குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ பெற்றிருக்க வேண்டும்; அந்தப் படிவத்தில் அவர் தரப்பிலும் உங்கள் தரப்பிலும் நோட்டரி முன் கையெழுத்து தேவை. அண்ணன் மகன் அங்கே வெறும் வேலை அனுமதியில் இருக்கிறாரா, பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு) வாங்கிவிட்டாரா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். விடுதி, வாடகை ஒப்பந்தம் போன்றவற்றில் 18 வயதுப் பெண்ணுக்கு என்ன நடைமுறை என்று ஹாலிஃபாக்ஸ் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

அடுத்தது மருத்துவம். இந்த 'இலவசம்' பேச்சால் காப்பீடு எடுக்காமல் போய் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. அரசே மருத்துவச் செலவை ஏற்கும் திட்டம் 1962-ல் சஸ்காட்செவன் என்ற ஒரு மாகாணத்தில் தொடங்கி, மற்றவை ஒவ்வொன்றாகச் சேர்ந்து வளர்ந்தது. இன்றும் அது மாகாணத்துக்கு ஒன்றாக நடக்கும் திட்டம்தான். வெளிநாட்டு மாணவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அந்தந்த மாகாணமே முடிவு செய்கிறது. ஒன்டாரியோ சேர்ப்பதில்லை. பிரிட்டிஷ் கொலம்பியா மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு சேர்க்கிறது. மானிட்டோபா முன்பு சேர்த்துக்கொண்டிருந்தது, 2018-ல் நிறுத்தியது. திரும்பக் கொண்டுவரச் சொல்லிக் கோரிக்கைகள் இருக்கின்றன, ஆனால் பல்கலைக்கழகம் வழியாக வரும் தனியார் காப்பீட்டைக் கணக்கில் வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

நோவா ஸ்கோஷியா நடுவில் நிற்கிறது. மாணவர் வந்து சேர்ந்த 13-வது மாதத்தின் முதல் நாளிலிருந்துதான் மாகாணத் திட்டத்துக்குத் தகுதி வரும். அதிலும் ஒரு கொக்கி: அந்தக் காலத்தில் தொடர்ந்து 31 நாட்களுக்கு மேல் மாகாணத்தைவிட்டு வெளியே இருந்திருக்கக் கூடாது. படிப்பின் பகுதியாகப் போனால் தவிர. முதல் வருடம் முடிந்து கோடை விடுமுறைக்கு 'இரண்டு மாசம் வந்துட்டுப் போம்மா' என்று நீங்கள் டிக்கெட் போட்டால் இந்தக் கணக்கு கெட்டுவிடும். நாலு வாரத்தோடு திரும்பும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை பல்கலைக்கழகக் காப்பீடு கட்டாயம். கட்டணப் பட்டியலில் அது தனி வரியாக இருக்கும், பாருங்கள். மாகாணத் திட்டத்தில் சேர்ந்த பிறகும் டாக்டர், மருத்துவமனை செலவு மட்டும்தான் அடங்கும். பல் வைத்தியமும் மருந்துக்கடைச் செலவும் பெரும்பாலும் கைக்காசுதான். பல்லில் ஏதாவது வேலை பாக்கி இருந்தால் திருச்சியிலேயே முடித்து அனுப்புங்கள்.

வீட்டு அட்வான்ஸும் மாகாண விஷயம்தான். நோவா ஸ்கோஷியா, மானிட்டோபா இரண்டிலும் அரை மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஒன்டாரியோவில் கடைசி மாத வாடகையை முன்கூட்டி வாங்கலாம், சேதாரத்துக்கென்று தனியாக வாங்க முடியாது. நம் ஊர் பத்து மாத அட்வான்ஸ் பழக்கத்தில் யாராவது நாலைந்து மாதம் கேட்டு, அதையும் வீட்டைப் பார்க்கும் முன்பே அனுப்பச் சொன்னால் அது மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவர் தமிழராக இருந்தாலும் சரி.

விசாவில் இரண்டு அரசும் கைவைக்கும். 2024 ஜனவரியிலிருந்து மாணவர் எண்ணிக்கைக்கு ஒட்டாவா உச்சவரம்பு வைத்து, மாகாணங்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கிறது. பட்டப்படிப்புக்குப் போகிறவர் அந்த மாகாணத்தின் உறுதிக் கடிதத்தை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். பல்கலைக்கழகம் வழியாகத்தான் வரும். மானிட்டோபா கடிதத்தை வைத்துக்கொண்டு நோவா ஸ்கோஷியாவுக்குப் போக முடியாது. சேர்ந்த பிறகு கல்லூரி மாற்றினாலும் புது அனுமதி வாங்க வேண்டும். 'முதலில் எங்கேயாவது போய்ச் சேர், அப்புறம் டொராண்டோவுக்கு மாறிக்கலாம்' என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கல்விக் கட்டணம், பயணச் செலவு போக ஒருவருக்கு 22,895 கனடா டாலர் காட்ட வேண்டும் என்பது 2025 செப்டம்பர் முதல் உள்ள தொகை. வருடா வருடம் மாற்றுகிறார்கள், விண்ணப்பிக்கும் அன்று கனடா குடியேற்றத் துறைத் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

இந்தியாவோடு தகராறு என்றீர்களே, அது நிஜமாகவே மோசமாகத்தான் போனது. 2023 செப்டம்பரில், கனடாவில் நடந்த காலிஸ்தான் ஆதரவாளர் ஹர்தீப் சிங் நிஜ்ஜார் கொலையில் இந்தியாவுக்குத் தொடர்பு இருக்கலாம் என்று அப்போதைய பிரதமர் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் குற்றம் சாட்டினார், இந்தியா மறுத்தது. அடுத்த மாதம் 41 கனடா தூதரக அதிகாரிகள் குடும்பத்தோடு இந்தியாவைவிட்டுப் போனார்கள், விசா வேலை மந்தமானது. 2024 அக்டோபரில் இரு நாடுகளும் ஆளுக்கு ஆறு தூதரக அதிகாரிகளை வெளியேற்றின. 2025 ஜூனில் கனடாவின் கனனாஸ்கிஸில் நடந்த ஜி-7 மாநாட்டில் மோடியும் கார்னியும் சந்தித்த பிறகு தகராறு தணியத் தொடங்கியது. ஆகஸ்டில் இரு பக்கமும் புதிய ஹைகமிஷனர்களை அறிவித்தார்கள். இப்போது மாணவர் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டால் அதற்கு இந்தச் சண்டையைவிட, வீட்டுவாடகை எகிறியதால் அங்கே எழுந்த உள்நாட்டு எரிச்சலே பெரிய காரணம் என்பது என் கருத்து. உச்சவரம்பு எல்லா நாட்டு மாணவருக்கும்தான்.

உலக அரங்கில் கனடாவின் இடம் பற்றி ஓரிரு வார்த்தை போதும். ஜி-7, நேட்டோ, காமன்வெல்த் எல்லாவற்றிலும் உறுப்பினர். ஆனால் ஐ.நா. பாதுகாப்பு அவையின் தற்காலிக இடத்துக்கு 2010-லும் 2020-லும் நின்று தோற்றது. ஏற்றுமதியில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கே போவதால் வாஷிங்டன் வரி போட்டால் ஒன்டாரியோ கார் தொழிற்சாலை ஆடிப்போகும். படிப்பு முடிந்து வேலை தேடும் வருடத்தில் இது உங்கள் மகளையும் தொடலாம்.

பிரச்சினை என்றால் யாரிடம்? உயிர் ஆபத்து, குற்றம், தீ எதுவானாலும் 911. படிப்பு, விடுதி, மனச்சோர்வு என்றால் பல்கலைக்கழக மாணவர் அலுவலகம். வாடகைத் தகராறுக்கு மாகாண அரசின் வாடகைப் பிரிவு. பாஸ்போர்ட் தொலைந்தால் இந்தியத் தூதரகம். ஹைகமிஷன் ஒட்டாவாவில், துணைத் தூதரகங்கள் டொராண்டோவிலும் வான்கூவரிலும். உங்கள் மகள் போகும் இரண்டு ஊரிலும் இல்லை. இந்திய வெளியுறவுத் துறையின் 'MADAD' (மதத், இந்தியில் 'உதவி') இணையதளத்தில் கிளம்பும் முன்பே பெயரைப் பதிந்துவிடச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், கட்டணமும் பாடமும் ஏறக்குறைய சமம் என்றால் ஹாலிஃபாக்ஸ்தான். கடலோர ஊர், பனியும் புயலும் உண்டு என்றாலும் வின்னிபெக்கின் மைனஸ் 30 குளிர் வழக்கமில்லை. 13 மாதத்துக்குப் பிறகு மருத்துவச் செலவு குறையும். பட்டம் முடித்து அங்கேயே வேலை கிடைத்தால் நிரந்தரக் குடியிருப்புக்கு நான்கு அட்லாண்டிக் மாகாணங்களுக்கென்றே ஒரு தனித் திட்டம் இருக்கிறது. ஆனால் கஸ்டோடியன் விஷயம் தீராமல் ஹாலிஃபாக்ஸுக்கு முன்பணம் கட்டாதீர்கள். அண்ணன் மகனுக்கு பி.ஆர். இல்லை, வேறு ஆளும் கிடைக்கவில்லை என்றால் வின்னிபெக்குக்கே அனுப்புங்கள். குளிர்கோட்டை இங்கே வாங்க வேண்டாம், அங்கே போய் வாங்கிக்கொள்ளட்டும்.