மாசித் தக்காளிக்கு முன்னால் எந்தப் பசுந்தாள்?

கேள்வி: ஐயா, வணக்கமுங்க. கிணத்துக்கடவு பக்கம் எங்களுக்கு 1 ஏக்கர் செம்மண் தோட்டம், சொட்டுநீர் போட்டிருக்கிறோம். ஆடியில் நட்ட தக்காளி ஓய்ந்துவிட்டது. மாசிக் கடைசியில் மறுபடியும் தக்காளிதான் நடப்போகிறோம். அதுவரை பாத்தி சும்மா கிடக்க வேண்டாமென்று, மடக்கி உழுது உரமாக்கும் பசுந்தாள் பயிர் விதைக்க நினைக்கிறேன். குளிர்காலத்துக்கு ரை, வெட்ச் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். இங்கே எங்கும் கிடைக்கவில்லை. கடைக்காரர் பலதானியக் கலவையும், மடக்கி உழும்போது தெளிக்க ஒரு பாட்டில் திரவமும் தருகிறேன் என்கிறார். மாமியார் தட்டைப்பயறு போதும், மாட்டுக்கும் ஆகும் என்கிறார். பனிக்காலத்துக்கு எதுங்க நன்றாக வரும்? இன்னொன்று, போன வெள்ளாமையில் திட்டுத்திட்டாகச் செடி மஞ்சளாகி அப்படியே நின்றுபோனது. உச்சி வெயிலில் வாடும், சாயங்காலம் தெளிந்துவிடும். பிடுங்கினால் வேர் முழுக்க முடிச்சு. சத்துக் குறை என்று கடையில் சொன்னார்கள். பசுந்தாள் போட்டால் அதுவும் சரியாகிவிடுமா?

பதில்: அம்மணி, கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். அது சத்துக் குறை இல்லை, வேர்முடிச்சு நூற்புழு. உங்கள் மண்ணில் இப்போது அது முட்டையும் குஞ்சுமாக அடுத்த தக்காளிக்குக் காத்திருக்கிறது. அதனால் பனிக்காலத்துக்கு எது நன்றாக வளரும் என்பதைவிட, எந்தப் பயிர் இந்தப் புழுவுக்குச் சோறு போடாது என்று பார்த்துத்தான் விதை வாங்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் மாமியார் சொன்ன தட்டைப்பயறு முதலில் அடிபடும். நல்ல பயிர்தான், மண்ணை மூடும், மாட்டுக்கும் ஆகும். ஆனால் பெரும்பாலான தட்டை ரகங்களில் இந்தப் புழு வெகு சுகமாகப் பெருகும். பாசிப்பயறும் உளுந்தும் அப்படித்தான். இவையெல்லாம் கலந்ததுதான் கடைக்காரர் காட்டும் பலதானியம். பலதானிய விதைப்பு, இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ச் சொல்லிப் பரப்பியது; செத்துப்போன மண்ணைத் தூக்கி நிறுத்த அதற்கு ஈடு குறைவு. உங்கள் காட்டில் மட்டும் இந்த வருஷம் வேண்டாம். மற்ற பசுந்தாள் பயிர்களில் தக்கைப்பூண்டு களர் மண்ணுக்கும், தண்ணீர் நிற்கிற நெல் வயலுக்கும் உரியது. கோபிசெட்டிபாளையம் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் போடுகிறார்கள் என்பதற்காக உங்கள் செம்மண் மேட்டில் போட வேண்டியதில்லை. கொளுஞ்சி விதைத்தோல் கெட்டி, மெதுவாகத்தான் கிளம்பும். உங்களுக்கு இருக்கும் மூன்று மாதம் அதற்குப் போதாது.

ரை, வெட்ச் எல்லாம் பனிக்கட்டி கொட்டுகிற தேசத்துக்கானவை. இலையுதிர் காலத்தில் விதைத்து, உறைபனியில் கிடந்து, வசந்தத்தில் மறுபடி கிளம்புகிற பயிர்கள். கிணத்துக்கடவில் மார்கழி விடியற்காலையிலும் பயிர் நின்றுபோகிற அளவுக்குக் குளிராது. நம் பசுந்தாளை இந்தப் பருவத்தில் குறுக்குவது பகல் நேரம். ஆனியில் பகல் பன்னிரண்டே முக்கால் மணி நேரம் என்றால் மார்கழியில் பதினொன்றரைக்கு வந்துவிடும். பகல் குறுகினால் சணப்பை என்ற பசுந்தாள் பயிர் வளர்வதை விட்டுவிட்டுப் பூக்கப் பார்க்கும். ஆடியில் போட்டால் ஆள் உயரம் போகிற சணப்பை, கார்த்திகையில் போட்டால் இடுப்பளவிலேயே மொட்டு வைக்கும்.

இருந்தாலும் உங்களுக்குச் சணப்பைதான். அதன் வேருக்குள் புழு நுழைந்தாலும் வளர்ந்து முட்டை வைக்க முடியாமல் பெரும்பாலும் மடிந்துபோகும். உயரம் குறைவதை நெருக்கத்தால் ஈடு செய்யுங்கள். ஏக்கருக்கு 15 கிலோ விதைக்கிற இடத்தில் நீங்கள் 20 கிலோவுக்குக் குறையாமல் போடுங்கள். நெருக்கமாக நின்றால் தண்டு மெலிந்து வரும், உழும்போது சுலபம், களையும் தலைதூக்காது. களையை அடக்குவது இங்கே முக்கியம், ஏனென்றால் மணத்தக்காளிச் செடியிலும் இதே புழு குடியிருக்கும்.

விதைப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஓய்ந்த தக்காளியை அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே விடுவது வழக்கமாகிவிட்டது. அந்த வேர்முடிச்சுக்குள்தான் முட்டை எல்லாம் இருக்கிறது. ஈரம் இருக்கும்போதே வேரோடு பிடுங்கி, தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்க் காயவைத்துக் கொளுத்துங்கள். வரப்பிலும் வேண்டாம், குப்பைக்குழியிலும் வேண்டாம்.

இப்போது விதை விஷயம். பசுந்தாள் விதையைக் கடையில் வாங்குவது ஒரே ஒரு தடவைதான் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். பருவம் வந்தால் விலை ஏறும். போன வருஷத்து மிச்சமும் அதே பையில் கலந்து வரும். முளைக்காவிட்டால் மழை மேல் பழி போடுவார்கள். நெல் விதை முளைக்கவில்லை என்றால் போய்ச் சண்டை போடுகிற விவசாயி, பசுந்தாள் விதை பாதி முளைத்தாலும், உரத்துக்குத்தானே என்று விட்டுவிடுகிறார். அந்த அசட்டையை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. ரசீது கேளுங்கள். பையில் முளைப்புத்திறனும் சோதித்த தேதியும் போட்ட சீட்டு இல்லையென்றால் தொடாதீர்கள். வாங்கியதும் 100 விதையை எண்ணி ஈரச் சாக்கில் மடித்து வையுங்கள். நாலாம் நாள் பிரித்துப் பார்த்தால் 80-க்கு மேல் முளை விட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் மூட்டையைத் திருப்பிக் கொடுங்கள், கூச்சப்படாதீர்கள்.

அப்புறம், முடிச்சு வராத ஓரமாகப் பார்த்து 5 சென்ட்டை விதைக்கென்று ஒதுக்குங்கள். அங்கே மட்டும் நெருக்கமில்லாமல், செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். பகல் குறுகிப் பயிரைக் குட்டையாக்குகிற இதே பருவம் விதைக்கு நல்ல பருவம். தழைக்குப் போகிற பலம் காய்க்குப் போகும். பூக்கும் நேரத்தில் தேனீயும் கருவண்டும் வர வேண்டும், அந்தப் பக்கம் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். கம்பளிப்புழு வந்தால் கையால் பொறுக்கிவிடுங்கள், 5 சென்ட்டுக்கு அது பெரிய வேலை இல்லை. காயை உலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும், அப்போது அறுக்கலாம். அடுத்த விதைப்புக்கு வேண்டியதில் பாதியாவது உங்கள் வீட்டிலேயே இருக்கும். இரண்டு வருஷம் இப்படிச் செய்தால் கடைக்காரரிடம் நீங்கள் போக வேண்டாம், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் உங்களிடம் வருவார்கள். ஒரு எச்சரிக்கை: சணப்பை விதையில் நஞ்சு உண்டு. காய் கட்டிய செடியை மாட்டுக்குப் போடக் கூடாது.

சணப்பைக்கென்று தனி நுண்ணுயிர்ப் பாக்கெட் தேவையில்லை. கடலையும் தட்டையும் விளைந்த நம் மண்ணில் அதற்கு வேண்டிய ரைசோபியம் என்ற நுண்ணுயிர் ஏற்கெனவே இருக்கும். 30 நாளில் ஒரு செடியைத் தோண்டிப் பாருங்கள். வேரின் பக்கவாட்டில் சின்ன உருண்டைகள் ஒட்டியிருக்கும்; விரலால் தேய்த்தால் உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. அது தழைச்சத்து சேர்க்கிற முடிச்சு, பார்த்துப் பயப்பட வேண்டாம். நூற்புழு முடிச்சு தேய்த்தால் போகாது, வேரே வீங்கியிருக்கும்.

பூத்த பிறகுதான் மடக்கி உழ வேண்டும் என்று பலர் சொல்வார்கள். மொட்டு கண்டதுமே மடக்குங்கள். விட்டால் தண்டில் நார் ஏறும், ரொட்டவேட்டரில் சுற்றிக்கொள்ளும், மக்கவும் நாள் ஆகும். கார்த்திகை முதல் வாரம் விதைத்தால் தைப் பொங்கலை ஒட்டி இந்த வேலை வரும். முந்தின நாள் தண்ணீர் விட்டு, ஒரு ஓட்டு போதும். ஈரமும் வெயிலும் இருந்தால் தானாக மக்கும், அந்த பாட்டில் திரவத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். ஆனால் 20 நாளாவது பொறுக்க வேண்டும். பச்சை மக்காத மண்ணில் நாற்று நட்டால் அடித்தண்டு அழுகிச் சாயும்.

சணப்பை ஒரு தடவை போட்டதும் புழு ஒழிந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். குறையும், அவ்வளவுதான். நூற்புழு தாங்கும் தக்காளி ரகம் என்று கடையில் நீட்டுவார்கள். மண்ணின் சூடு 28 டிகிரியைத் தாண்டினால் அந்த எதிர்ப்பு பெரும்பாலும் தளர்ந்துவிடும். சித்திரையில் உங்கள் மண் அதைத் தாண்டும்.

ஆகவே மடக்கி உழுத கையோடு, முன்பு மஞ்சளான திட்டுகளிலிருந்து மண் எடுத்து நாலைந்து தொட்டியில் நிரப்பி வையுங்கள். தழை மக்க 20 நாள் விட்டுத் தொட்டிக்கு ஒரு தக்காளி நாற்று நடுங்கள். 30 நாள் கழித்து வேரைக் கழுவிப் பார்க்கலாம், மாசி நடவுக்குள் விடை தெரிந்துவிடும். சந்தேகமாக இருந்தால் அதே மண்ணையும் வேரையும் பாலிதீன் பையில் கட்டிக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோங்கள். நூற்புழுவியலுக்கென்றே அங்கே ஒரு துறை இருக்கிறது. முடிச்சு இல்லையென்றால் தக்காளி நடுங்கள். இருந்தால் அந்தத் திட்டுகளில் இந்த ஒரு போகம் செண்டுமல்லி நட்டுவிடுங்கள், பூவுக்குக் கோவையில் சந்தை இருக்கிறது. மாமியாருக்குத் தட்டை வேண்டுமென்றால் தக்காளி, கத்தரி, வெண்டை போடாத வேறு காட்டில் விதைக்கச் சொல்லுங்கள்.